மோடத்துக்கு வச்ச பொட்டு

எனக்குக் கோவம் வந்தா முதல்ல காது ரெண்டும் செவந்துரும். இதை நான் கண்ணாடியில பாத்துச் சொல்லல. எங்க வீட்டம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். "காது செவந்துருச்சு, செத்த நேரம் அப்பா பக்கத்துல போகாத"ன்னு மககிட்டச் சொல்லிச் சொல்லியே வளத்தவ. போன வருசம் விஜயதசமி அன்னைக்குக் காலையிலயும் என் காது செவந்துச்சு. ஆனா அன்னைக்கு எங்க வீட்டுல இன்னொண்ணும் செவப்பா மினுக்கிக்கிட்டு இருந்திருக்கு. அது எங்க ரெண்டு பேரு கண்ணுக்கும் படல. படாமப் போனதுக்கும் காரணம் நான்தான். அந்தக் கதையத்தான் சொல்ல வாரேன்.

நான் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுல ஃபிட்டர். இருபத்தொம்பது வருசமா மெசினோடதான் குடும்பம். மில்லுக்காரனுக்குன்னு ஒரு புத்தி உண்டு. தொங்குற ஒயரைக் கண்டா கை சும்மா இருக்காது. மில்லுக்குள்ள எந்நேரமும் பஞ்சு பறக்கும்ல, ஒயர் தொங்குனா அதுல பஞ்சு சேரும், பஞ்சு சேந்தா தீப்பிடிக்கும். அதனால எந்த ஒயரா இருந்தாலும் சுருட்டி, மடக்கி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டுறது எங்க ரத்தத்துல ஊறிப்போன பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட மைக்செட்டுக்காரர் ஒயரை ஓரமா கட்டி வச்சிட்டுத்தான் பந்தியில உக்காருவேன். என் சம்சாரம் தலையில அடிச்சுக்குவா. "வந்த எடத்துலயுமா?"ம்பா.

எங்க வீடு வடமதுரை போற ரோட்டுல இருந்து உள்ள தள்ளி, ஒரு பள்ளத்துல இருக்கு. வீடு கட்டுறப்ப பள்ளம்னு தோணல. செல்போன் வந்ததுக்கப்புறம்தான் எம்புட்டுப் பெரிய பள்ளம்னு தெரிஞ்சுது. வீட்டுக்குள்ள ஒரு புள்ளி சிக்னல் இருக்காது. பேசணும்னா மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணி டேங்குக்கு வடக்கால, கைப்பிடிச் செவுத்தை ஒட்டி நிக்கணும். ஒரு அடி தள்ளி நின்னா அந்தப் பக்கம் பேசுறவங்க "அலோ, அலோ"ன்னே பேச்சை முடிச்சுருவாங்க. மாடியில நின்னு கத்துறதால எங்க வீட்டு நல்லது கெட்டது அம்புட்டும் தெருவுக்கே தெரியும். மகளுக்கு பெங்களூர்ல வேலை கெடச்சதை நான் சொல்றதுக்கு முன்னாலயே எதிர்வீட்டு அண்ணன் எனக்கு வாழ்த்துச் சொன்னாரு.

அந்த மகதான் வீட்டுக்கு இன்டர்நெட் இழுக்கச் சொன்னா. எனக்காக இல்ல, அவ அம்மாவுக்காக.

என் சம்சாரம் டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவ. கல்யாணம் ஆகி ஒரு மாசத்துல வடமதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து வேலைக்குக் கூப்பிட்டாங்க. ஒண்ணாப்பு டீச்சர். எனக்கு அப்ப ஷிப்டு வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. "இப்ப என்ன அவசரம், அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னேன். அவ சண்டை போடல. "பரவாயில்ல, விடுங்க"ன்னா. சர்டிபிகேட்டை ஒரு பச்சை ஃபைல்ல போட்டு பீரோவுக்கு அடியில வச்சா. அந்த 'அப்புறம்' வர்றதுக்கு இருபத்தாறு வருசம் ஆயிருச்சு. நல்லதுக்குத்தான் சொல்றோம்னு அன்னைக்கு நெனச்சேன். இன்னைக்கு நெனச்சா எனக்கே என் மேல ஆத்திரமா வருது.

வெளிநாட்டுல இருக்கிற நம்ம புள்ளைகளுக்கு இன்டர்நெட் வழியாத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற ஒரு பள்ளிக்கூடத்தை மக தேடிப் பிடிச்சா. ரெண்டு தடவை பேசிப் பாத்தாங்க, இவளைப் புடிச்சுப் போச்சு. ஆஸ்திரேலியாவுல இருக்கிற மூணு பொடிசுக, அஞ்சு வயசு, ஆறு வயசு. விஜயதசமி அன்னைக்கு அந்தப் புள்ளைகளுக்கு முதல் எழுத்து சொல்லித் தரணும்னு பெத்தவங்க ஆசைப்பட்டாங்க. நம்ம ஊரு நேரம் காலையில பத்து மணிக்கு வகுப்பு. அதை அந்த இன்டர்நெட் பள்ளிக்கூடத்துப் பொறுப்பாளர் அம்மாவும் கூட இருந்து பாப்பாங்க. நல்லா நடந்தா வேலை. நேரத்துக்கு வராமப் போனா அடுத்த ஆளு தயாரா இருக்காங்கன்னு அந்தம்மா தன்மையாத்தான் சொன்னாங்க. தன்மையாச் சொன்னாலும் சொன்னது அதுதான்.

ஒரு மாசமா எங்க வீட்டு அடுப்படிதான் வகுப்பறை. "அ... அம்மா. சொல்லுங்க பாப்போம்"னு குக்கரைப் பாத்துக் கேப்பா. குக்கர் விசில் அடிக்கும். "வெரிகுட்"ம்பா. நான் சோத்துக்கு வெஞ்சனம் என்னான்னு கேட்டா, "கையைத் தூக்கிட்டுக் கேளுங்க"ம்பா. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. இன்னொரு பக்கம், இம்புட்டு உற்சாகத்தை இவ எங்க வச்சிருந்தான்னு ஆச்சரியம்.

இப்ப ஆயுத பூஜைக்கு வாரேன். மில்லுக்காரனுக்கு தீபாவளியை விட ஆயுத பூஜைதான் பெருசு. காலையில மில்லுல ஒவ்வொரு மெசினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு, பூசணிக்கா எல்லாம் முடிச்சுட்டு, பொரிகடலைப் பையோட வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வீட்டுச் சாமானுக்குப் பூஜை. அதுக்கு முன்னால வீட்டைச் சுத்தம் பண்ணணும்ல. அப்பத்தான் என் கண்ணுல அது பட்டுச்சு. கூடத்துச் செவுத்துல மோடம், அதுக்குப் பின்னால மஞ்சக் கலர்ல ஒரு மெல்லிசான ஒயர். கேபிள்காரங்க அதை அரை வட்டமா, கழுத்துல மாலை தொங்குற கணக்கா, தொங்க விட்டுட்டுப் போயிருந்தாங்க.

"என்ன வேலை பாத்திருக்கானுக, பாரு. மில்லுல இப்படி விட்டிருந்தா எங்க மேஸ்திரி தோலை உரிச்சிருப்பாரு"ன்னேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்ங்க"ன்னா சம்சாரம்.

கேப்பனா? சுருட்டுனேன், மடக்குனேன், ஆணியில மாட்டி, மில்லுல இருந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் டையைப் போட்டு, குறடு வச்சு இழுத்து இறுக்குனேன். தள்ளி நின்னு பாத்தேன். அப்படியே தீப்பெட்டி சைசுக்கு அடங்கியிருந்துச்சு. எனக்கு ரொம்பப் பெருமை.

சாயங்காலம் மோடத்துக்குக் கீழ ஒரு பெஞ்சு போட்டு சாமானை அடுக்குனேன். என் ஸ்பேனர் செட்டு, சுத்தியல், ட்ரில்லிங் மெசின், சைக்கிள் பம்பு, அரிவாள்மனை, இஸ்திரிப் பொட்டி. மக வாங்கிக் கொடுத்த லேப்டாப்பைச் சம்சாரம் கொண்டு வந்து வச்சா. திரும்பப் போயி அந்தப் பச்சை ஃபைலைத் தூக்கிட்டு வந்து லேப்டாப் மேல வச்சா.

"இது எதுக்கு?"ன்னேன்.

"இருக்கட்டும்"னா.

இந்தக் கோடியில இருந்து சந்தனம் வச்சுக்கிட்டே வந்தேன். என் கட்டை விரல் மில்லு மெசினுக்குப் பொட்டு வச்சுப் பழகுன விரல், ஒவ்வொரு பொட்டும் ஒரு ரூவாக் காசு அகலம் வரும். மோடம் அந்த வருசம் புதுசா வந்த மெசின், அதுக்குக் கொறை வைக்கக் கூடாதுல்ல. கிண்ணத்துல மிச்சமிருந்த சந்தனத்தை எல்லாம் வழிச்சு, அதோட நெத்தியில அப்பி, நடுவுல குங்குமத்தை வச்சு அமுக்குனேன். அப்புறம் சுவிட்சை அணைச்சுட்டேன். பூஜை போட்ட சாமானை மறுநாள் மறுபூஜை முடியிற வரைக்கும் வேலை வாங்கக் கூடாது. ஸ்பேனருக்கு ஒரு நாயம், மோடத்துக்கு ஒரு நாயமா? அதுவும் ஒரு நாள் ரெஸ்டு எடுக்கட்டும்னேன்.

மறுநாள் காலையில ஆறு மணிக்கெல்லாம் சம்சாரம் குளிச்சு, நல்ல சேலை கட்டி, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரெடி. தாம்பாளத்துல பச்சரிசியைப் பரப்பி வச்சிருந்தா. அந்தப் புள்ளைக அவங்க வீட்டுத் தட்டுல எழுத, இவ இங்க இந்த அரிசியில 'அ' எழுதிக் காட்டணும். எட்டரைக்குக் கற்பூரம் காட்டி, வழக்கப்படி சாமானை ஒரு இஞ்சு நகட்டி வச்சு, மோடம் சுவிட்சைப் போட்டேன். லேப்டாப்பைத் தொறந்தா, வைஃபை வந்துருச்சு, இன்டர்நெட் இல்லைன்னு காட்டுது.

"இருக்கும், இருக்கும். நேத்து பூரா தூங்குனதுல்ல, முழிக்க நேரமாகும்"னு சொன்னேன். அஞ்சு நிமிசம் பாத்தோம். முழிக்கல.

மாடிக்கு ஓடி, டேங்கு ஓரமா நின்னு எங்க ஏரியா லைன்மேனுக்குப் போன் போட்டேன். நாப்பது வயசுக்காரரு, நல்ல மனுசன். "அண்ணே, இன்னைக்கு லீவுண்ணே. அந்தப் பொட்டியில செவப்பு லைட்டு எரியுதா?"ன்னு கேட்டாரு. இறங்கி வந்து பாத்துட்டு ஏறிப் போயி, "செவப்பே இல்லப்பா, பச்சைதான்"னேன். "அப்ப லைன்ல கோளாறு இல்லண்ணே, செட்டிங்குலதான் ஏதோ. கஸ்டமர் கேருக்குப் போடுங்க, அவங்களே சொல்லுவாங்க. செவப்பு எரிஞ்சா மட்டும் என்னையக் கூப்பிடுங்க"ன்னு வச்சுட்டாரு.

கஸ்டமர் கேருல ஒண்ணை அமுக்கு, மூணை அமுக்குன்னு சொல்லி, கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டு, கடைசியா ஒரு பொண்ணு வந்துச்சு. குரல் தேன் மாதிரி இருந்துச்சு. ஆனா எங்க நெலைமை அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? போன் மேல, மோடம் கீழ, நடுவுல பதினெட்டுப் படி. அது என்கிட்ட கேக்கும், நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்துவேன், சம்சாரம் கீழ இருந்து பதிலுக்குக் கத்துவா, அதை நான் போன்ல சொல்லுவேன்.

"சார், உங்க மோடத்துல என்னென்ன லைட் எரியுதுன்னு சொல்ல முடியுமா?"

"ஏ புள்ள! என்னென்ன லைட்டு எரியுது?"

"முதல்ல பவருன்னு போட்டிருக்கு, பச்சை! கடைசியில வைஃபைன்னு போட்டிருக்கு, அதுவும் பச்சை!"

"ரெண்டும் பச்சைம்மா. சோக்கா எரியுது."

"நடுவுல பி ஓ என்-னு ஒண்ணு, எல் ஓ எஸ்-னு ஒண்ணு இருக்கும் சார். எல் ஓ எஸ்-ல ரெட் லைட் வருதா?"

"ஏ புள்ள! நடுவுல எல் ஓ எஸ்-னு இருக்காம், அது செவப்பா எரியுதா?"

"அப்படி எழுத்தே இல்லீங்க!"

"அப்படி எழுத்தே இல்லியாம்மா."

"எல்லா மோடத்துலயும் இருக்கும் சார்."

என் காது சுடுறது எனக்கே தெரிஞ்சுது. "ஏம்மா, எங்க வீட்டுப் பொட்டியில இல்லாத லைட்டை நான் எங்கிருந்தும்மா கொண்டு வந்து எரிய வைக்க? படிச்ச டீச்சர் நேர்ல நின்னு பாத்துச் சொல்றா, நீ எங்கயோ உக்காந்துக்கிட்டு இருக்குங்கிற!"

"உங்க பொறுமைக்கு நன்றி சார்."

என் பொறுமைக்கு நன்றி சொன்ன மொத ஆளு இந்த ஒலகத்துலயே அந்தப் பொண்ணுதான். எதிர்வீட்டு அண்ணன் வாசல்ல பல்லு வெளக்கிக்கிட்டே நிமிந்து பாத்து, "எங்க வீட்டுல எல்லாமே பச்சைதாம்ப்பா"ன்னாரு. அவரு வீட்டுல மோடமே கிடையாது.

அப்புறம் அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் செஞ்சோம். மோடத்தை அணைச்சு முப்பது எண்ணிப் போட்டோம். நான் மாடியில இருந்து எண்ண, சம்சாரம் கீழ சுவிட்சுல கை வச்சு நின்னா. ஒயரைக் கழட்டி மாட்டுனோம். லேப்டாப்புல வைஃபையை மறக்கச் சொல்லி, திரும்ப பாஸ்வேர்டு போட்டோம். வைஃபை வருது, இன்டர்நெட் வரல. ஒம்பது மணி தாண்டிருச்சு. "புகார் பதிவு பண்ணிட்டேன் சார், நாளைக்குள்ள ஆள் வருவாங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு. நாளைக்கு வந்து என்னத்தப் பாக்க? போனை வச்சுட்டு, படியில ரெண்டு ரெண்டா இறங்குனேன்.

மோடத்துக்குப் பின்னால சின்னதா ஒரு ஓட்டை, ரீசெட்டுன்னு போட்டிருந்துச்சு. ஊசி மாதிரி எதையாவது விட்டு அமுக்குனா எல்லாம் பழையபடி ஆயிரும்னு எப்பவோ யாரோ சொன்ன ஞாபகம். ஒரு ஊக்கை நிமித்திக்கிட்டுப் போனேன்.

"கையை எடுங்க."

குரல் ஒசரல. ஆனா நான் எடுத்துட்டேன்.

"அதை அமுக்குனா எல்லா செட்டிங்கும் அழிஞ்சுரும்னு மாட்டிட்டுப் போறப்பவே அந்தத் தம்பி சொன்னாரு. நீங்க கேக்கல."

நான் அன்னைக்கு என்னத்தக் கேட்டேன், ஒயர் தொங்குறதையில்ல பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். "சரி, லேப்டாப்பை மாடிக்குக் கொண்டு போவம். போன் சிக்னல்ல போட்டுப் பாப்போம். வெயிலுக்கு நான் குடை பிடிக்கிறேன்"னேன். அதையும் பாத்துட்டோம். டேங்கு ஓரத்துல படம் வருது, ஆனா மூஞ்சி அசையாம நிக்குது. அவ பேசுறது நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் போயிச் சேரும். காத்து வேற, கூடத் தூக்கிட்டுப் போன பச்சரிசி பறந்து நாலு கோழி ஓடி வந்ததுதான் மிச்சம். திரும்பக் கீழ வந்தோம்.

ஒம்பது இருவது. அவ தாம்பாளத்து முன்னால உக்காந்தா. கலைஞ்சு போன அரிசியை விரலால நிரவிக்கிட்டே, "பரவாயில்ல, விடுங்க"ன்னா.

அவ அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன், நாலு வார்த்தை வஞ்சிருந்தா சந்தோசமா வாங்கியிருப்பேன். அதே 'பரவாயில்ல'. அதே கொரல். இதை ஒரு தடவை கேட்டுட்டு இருபத்தாறு வருசம் நிம்மதியாச் சோறு தின்ன ஆளு நான். இன்னொரு தடவை கேக்க என்னால முடியல. "விடுறதா? என்ன விடுறது?"ன்னு கத்துனேன். அவளைப் பாத்து இல்ல, மோடத்தைப் பாத்து. மெசினுக்கு முன்னால நின்னு கத்துனா ஓடாதுன்னு இருபத்தொம்பது வருசமா எல்லாருக்கும் சொன்னவன் நானு.

நான் கத்துனதுல அவ நிமிந்தா. மோடத்தையே உத்துப் பாத்தா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டுத் திரும்பப் பாத்தா.

"ஏங்க... பொட்டு மினுக்குது."

"என்னது?"

"பொட்டுங்க! உங்க பொட்டு மினுக்குது!"

எனக்கு ஒரு நிமிசம் ஒடம்பு சிலுத்துப் போச்சு. ஆயுத பூஜை போட்ட சாமான், சாமிதான் வந்துருச்சோன்னு கையக்கூடக் கூப்புனேன். கிட்டப் போயிப் பாத்தா, ராத்திரி பூரா காஞ்ச சந்தனம் நடுவுல வெடிச்சிருக்கு. அந்த மோடத்துச் சூடும் சேந்து இன்னும் கொஞ்சம் விரிச்சு விட்டிருக்கு. அந்த விரிசலுக்குள்ள இருந்து செவப்பா ஒண்ணு விட்டு விட்டு எரியுது. நகத்தால சொரண்டுனேன். சந்தனம் பக்கு பக்கா உதிர, உள்ள இருந்து எழுத்து வந்துச்சு. பி, ஓ, என். அது பக்கத்துல எல், ஓ, எஸ். எல் ஓ எஸ்-ஸுக்கு மேல சுள்ளுன்னு செவப்பு லைட்டு.

பொட்டு வச்ச சாமானைப் பாக்கிறோம், பொட்டுக்குப் பின்னால என்ன இருக்குன்னு நம்மள்ல எவன் பாக்குறான்? அவ பாக்கல, நானும் பாக்கல. மாடியில நின்னு அந்தப் பொண்ணை என்ன பேச்சு பேசுனேன்! எனக்கு அசடு வழிஞ்சுது.

"லைன்மேனைக் கூப்பிடுறேன்"னு போனை எடுத்தேன். அவ என் கையில இருந்து போனை வாங்கிக்கிட்டா. நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு மாடிப்படி ஏறுனா, நான் பின்னாலயே ஓடுனேன். டேங்கு ஓரமா, சிக்னல் கிடைக்கிற அந்த எடத்துல கரெக்டா நின்னா.

"தம்பி, நான் டீச்சர் பேசுறேன்."

நான் படிக்கட்டுலயே நின்னுட்டேன். அந்த வார்த்தையை அவ வாயால அவளுக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.

"செவப்பு லைட்டு எரியுது தம்பி. பத்து மணிக்கு எனக்கு வகுப்பு. புள்ளைக காத்துக்கிட்டு இருக்கும். வர முடியுமா?"

"இந்தா வாரேன் டீச்சர்"னு அவரு சொன்னது எனக்கே கேட்டுச்சு. நான் அண்ணன், எனக்கு லீவு. அவ டீச்சர், அவளுக்கு இந்தா வாரேன்! எனக்குப் பொறாமையா வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு.

ஒம்பதே முக்காலுக்குப் பைக் வந்து நின்னுச்சு. ஹேண்டில்பார்ல மாலை, ஹெட்லைட்டுல பொட்டு. அவரு உள்ள வந்து மோடத்தைப் பாத்தாரு, பின்னால போன மஞ்ச ஒயரைப் பாத்தாரு, ஆணியைப் பாத்தாரு. நான் தீப்பெட்டி சைசுக்குக் கட்டுன கட்டை ரெண்டு விரலால தொட்டாரு.

"இது யாரு டீச்சர் பண்ணுனது?"

சம்சாரம் என்னையப் பாத்தா. எதிர்வீட்டு அண்ணன் வாசப்படி வரைக்கும் வந்திருந்தாரு, அவரும் என்னையப் பாத்தாரு.

"தொங்குச்சு... அதான் லேசா கட்டுனேன்"னேன்.

"லேசாவா?" டையை வெட்ட அவரு கட்டரை ரெண்டு தடவை அமுக்க வேண்டியிருந்துச்சு. "அண்ணே, இது கரண்டு ஒயர் இல்லண்ணே. இதுக்குள்ள கண்ணாடி இழை, அதுல வெளிச்சம் போகுது. இப்படி மடக்கி இறுக்குனா வெளிச்சம் போக முடியாம அங்கயே நின்னுரும். நீங்க நல்லதுக்குத்தான் கட்டியிருப்பீங்க. ஆனா இதைக் கொஞ்சம் லூசா விடணும்ணே. அது போக்குல விட்டாத்தான் வேலை செய்யும்."

"கேட்டுக்கங்க"ன்னா சம்சாரம்.

ஒரே வார்த்தைதான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. லைன்மேனும் சிரிச்சாரு, எதிர்வீட்டு அண்ணன் சத்தமாவே சிரிச்சாரு. அவங்க சிரிச்சது ஒயருக்கு. அவ எதைச் சொன்னான்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஒயரை நீவி விட்டு, பழையபடி மாலை மாதிரி தொங்க விட்டாரு. செவப்பு ரெண்டு தடவை மினுக்கிட்டு அணைஞ்சுது. பி ஓ என்-ல பச்சை வந்து, விட்டு விட்டு எரிஞ்சு, அப்புறம் ஆடாம நின்னுச்சு. எனக்குப் போன உசிரு வந்துச்சு. மணி ஒம்பது அம்பத்தி மூணு. அவருக்கு ஒரு பை நிறையப் பொரிகடலையும் வாழைப்பழமும் கொடுத்துக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். "டீச்சர் கிளாஸ் எடுக்கட்டும், வாங்கண்ணே வெளிய"ன்னு என்னையக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு.

பத்து மணிக்குக் கதவைச் சாத்திட்டா. நான் வாசல்ல காவல். காய்கறி விக்கிற ஆட்டோக்காரரு மைக்கைப் போட்டுக்கிட்டு வந்தாரு, "கத்திரிக்கா, வெண்டைக்கா"ன்னு. குறுக்க விழுந்து நிறுத்துனேன். "உள்ள வகுப்பு நடக்குதுய்யா"ன்னேன். அவரு வாயை அடைக்க ரெண்டு கிலோ கத்திரிக்கா வாங்க வேண்டியதாப் போச்சு. சேவலை விரட்டுனேன். எதிர்வீட்டு அண்ணனை அவரு வீட்டுக்கே விரட்டுனேன். அப்படியும் நடுவுல ஒரு கோழி கூவிருச்சு. உள்ள இருந்து ஒரு பொடிசு, "டீச்சர், அது ரியல் கோழியா?"ன்னு கேக்குது. "ஆமாடா தங்கம், அதுவும் பாடம் படிக்க வந்திருக்கு"ன்னு இவ சொல்றா. மூணு புள்ளைகளும் கெக்கேபிக்கேன்னு சிரிக்குதுக.

அப்புறம், "எல்லாரும் ஆள்காட்டி விரலை நீட்டுங்க. அரிசியில வைங்க. அ..."ன்னா. எங்கயோ கடல் தாண்டி இருக்கிற மூணு புள்ளைக "அ..."ன்னு இழுத்துச் சொன்னுச்சுக. கத்திரிக்காப் பையை மடியில வச்சுக்கிட்டு நான் அழுதுட்டேன். ஆமா, அழுதேன், அதுல என்ன இருக்கு?

முக்கா மணி நேரம் கழிச்சுப் பொறுப்பாளர் அம்மா குரல் கேட்டுச்சு. "அடுத்த வாரத்துல இருந்து இன்னும் ரெண்டு வகுப்பு சேத்து எடுத்துக்கிறீங்களா டீச்சர்?" இவ "எடுத்துக்கிறேன்மா"ன்னா. 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்'னு சொல்லுவாளோன்னு நான் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். சொல்லல. நல்லாத்தான் இருந்துச்சு.

அவ தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனா. சும்மா நிக்காம பூஜைச் சாமானை எடுத்து வைப்போம்னு பெஞ்சுக்குப் போனேன். ஸ்பேனருக்குப் பொட்டு இருக்கு, சுத்தியலுக்கு இருக்கு, சைக்கிள் பம்புக்கு இருக்கு. காயலான் கடைக்குப் போட வச்சிருந்த துருப்பிடிச்ச குறடு, அதுக்குக்கூட இருக்கு. லேப்டாப்பு வச்சிருந்த எடத்துல, அவ ஓரமா எடுத்து வச்ச பச்சை ஃபைலு மட்டும் மூளியா இருந்துச்சு. மிச்சச் சந்தனத்தை எல்லாம் மோடத்துக்கு அப்புன அவசரத்துல, அதுக்கு வைக்கணும்னே எனக்குத் தோணியிருக்கல. அவளும் வைங்கன்னு கேட்கல.

ஃபைலைத் தொறந்தேன். சர்டிபிகேட்டு பழுப்பேறிப் போயிருந்துச்சு. அதுல அவ பேரு, கல்யாணத்துக்கு முந்தின பேரு, அவங்கப்பா இனிசியலோட. சந்தனக் கட்டையை எடுத்து, கல்லுல நாலு சொட்டுத் தண்ணி விட்டு, புதுசா ஒரைச்சேன்.

அவ செம்போட வந்து நின்னா. "பூஜைதான் முடிஞ்சுருச்சே, இப்ப எதுக்கு?"ன்னா.

"விட்டுப்போச்சு புள்ள"ன்னேன். கட்டை விரலைச் சந்தனத்துல தொட்டேன். அதோட அகலத்தைப் பாத்துட்டு, அதைத் துடைச்சுட்டு மோதிர விரலால தொட்டேன்.

அவ பக்கத்துல வந்து, கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டுக் குனிஞ்சு பாத்தா.

"பாத்து வைங்க. பேரை மறைச்சுராதீங்க"ன்னா.